கட்டிங் மாஸ்டரின் மேசையும் ஒரு பிரெஞ்சுச் சொல்லும்

பிரெஞ்சு சினிமா விமர்சகர் ஆந்த்ரே பஸானை நான் முதலில் படித்தது ஹியூ கிரேயின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான். 1967இல் வந்தது. பிரெஞ்சு தெரியாத எத்தனையோ பேருக்கு பஸானைக் கொண்டுவந்து சேர்த்த புத்தகம். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ஆனாலும் பின்னால் கொஞ்சம் பிரெஞ்சு கற்றுக்கொண்டு மூலத்தோடு ஒப்பிட்டபோது, ஒரு சொல் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. வெட்டிப் பிரிப்பது என்று பொருள்படும் சொல். தேகுபாஜ்.

திரைமொழியின் வளர்ச்சி பற்றிய கட்டுரையில், பேசும்படம் வந்த பிறகு தேகுபாஜ் எப்படி வளர்ந்தது என்று பஸான் ஒரு துணைத்தலைப்பு வைத்திருக்கிறார். கிரே அதை ‘எடிட்டிங்’ என்று மாற்றிவிட்டார்.

தையல்கடைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு வித்தியாசம் சட்டென்று பிடிபடும். கட்டிங் மாஸ்டர் துணியை மேசையில் விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, கை, கழுத்து, முதுகு என்று பிரித்து வெட்டுவார். தைப்பது அடுத்த வேலை, பெரும்பாலும் வேறு ஆள். தேகுபாஜ் அந்த மேசை வேலையைப் போன்றது. ஒரு காட்சியை எத்தனை ஷாட்டாகப் பிரிப்பது, கேமரா எங்கே நிற்பது, எதுவரை ஓடுவது என்று முதலிலேயே வகுத்துக்கொள்வது. எடுத்ததை ஒட்டித் தைப்பது அப்புறம்.

‘சிட்டிசன் கேன்’ (1941) படத்தில் கேனின் மனைவி சூசன் விஷம் குடித்துக் கிடக்கும் காட்சியைப் பஸான் விரிவாகப் பார்க்கிறார். முன்னால் பெரிதாக ஒரு கண்ணாடித் தம்ளர், பக்கத்தில் மருந்துக் குப்பி. நடுவில், இருட்டில், கட்டிலில் சூசன். மூச்சு இழுப்பது மட்டும் கேட்கிறது. தூரத்தில் மூடிய கதவு. யாரோ தட்டுகிறார்கள். எல்லாம் ஒரே ஷாட்டில். வழக்கமான முறையில் இதையே ஐந்தாறு ஷாட்டாக உடைத்திருப்பார்கள் என்கிறார் பஸான். உடைப்பதா வேண்டாமா என்ற அந்த முடிவு, பிலிம் எடிட்டரின் கைக்குப் போவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. இதைப் போய் ‘எடிட்டிங்’ என்று சொன்னால் பஸான் என்னவோ எடிட்டிங் மேசைமீதே கோபம் கொண்டவர்போலத் தெரிகிறார். அவரை எடிட்டிங்குக்கு எதிரி என்று பேசும் பழக்கத்தில் இந்தச் சொல்லுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

2009இல் மான்ட்ரியலிலிருந்து டிமதி பர்னார்டின் புதிய மொழிபெயர்ப்பு வந்தது. அவர் தேகுபாஜை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு நீண்ட குறிப்பும் எழுதினார். எனக்கு அதுதான் சரியான வழியாகப் படுகிறது. குறிப்பு முக்கியம். ‘மிஸான்சேன்’ என்ற சொல்லையும் ஆங்கிலம் அப்படியே எடுத்துக்கொண்டதுதானே? பிரெஞ்சில் அது இயக்கம் என்ற மொத்த வேலையையே குறிக்கும். ஆங்கிலப் பாடநூல்களில் அது செட், ஒளி, உடை, நடிகரின் அசைவு என்று சட்டகத்துக்குள் இருப்பவற்றின் பட்டியலாகச் சுருங்கிவிட்டது.

அமெரிக்க விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் விஷயம் இன்னும் பெரிது. ‘கையே து சினிமா’ என்ற பிரெஞ்சு இதழின் இளம் விமர்சகர்கள் 1950களில் சொன்னது ‘பொலிட்டிக்’, அதாவது நாங்கள் இந்த இயக்குநர்களின் பக்கம் நிற்கிறோம் என்ற நிலைப்பாடு. அது மிகையாகப் போகிறதே என்று 1957இல் அதே இதழில் எழுதியவர் பஸான். 1962இல் சாரிஸ் அதை ஆங்கிலத்தில் ‘தியரி’ ஆக்கினார். நிலைப்பாடு என்றால் ஒருவர் எடுக்கலாம், விடலாம். கோட்பாடு என்று பெயர் வைத்தால் நிரூபி என்று கேட்பார்கள். அடுத்த ஆண்டே இன்னொரு அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் அப்படித்தான் கேட்டார், கடுமையாக. இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்ற இந்தப் பார்வையை நாமும் தமிழில் ‘ஆத்தர் தியரி’ என்று எழுதுவது ஆங்கில வழியாக வந்த பழக்கம்தான்.

இப்போது பஸானின் ஒரு கட்டுரையைத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். தேகுபாஜுக்குக் ‘காட்சிப் பகுப்பு’ என்று எழுதி, அடித்து, திரும்பவும் அதையே எழுதியிருக்கிறேன். பொருள் வருகிறது, ஆனால் கத்திரிக்கோலின் சத்தம் அதில் இல்லை. தையல் தொழிலில் இருக்கும் நண்பர்கள், துணியை வெட்டும் முன் கோடு போட்டுப் பிரிப்பதற்கு உங்கள் கடையில் என்ன சொல் புழங்குகிறது என்று சொல்லுங்கள்.