ஆபீஸ் மசாஜ்: 15 நிமிடத்தை ஒழுங்காகக் கொடுங்கள்

வருஷத்துக்கு ஒரு நாள் 'ஹெல்த் டே' என்று பேனர் கட்டி, ஆளுக்கு 5 நிமிடம் தோளைப் பிடித்துவிட்டு அனுப்புவதை ஐடி கம்பெனிகள் நிறுத்த வேண்டும். அது போட்டோவுக்குத்தான் ஆகும். அதற்குப் பதிலாக வாரம் ஒரு முறை, வேலை நேரத்துக்குள்ளேயே, கேட்கிறவர்களுக்கு 15 நிமிடம் கொடுங்கள்.

"மசாஜ் பண்ணினால் தூங்கி வழிவார்கள்" என்று தயங்கும் மேனேஜர்கள் மயாமி பல்கலைக்கழகத்தில் டிஃபனி ஃபீல்டு குழு செய்து 1996-இல் வெளியான ஆய்வைப் பார்க்கலாம். 26 பேருக்கு 15 நிமிட நாற்காலி மசாஜ், வாரம் இரண்டு முறை, 5 வாரம். இன்னொரு 24 பேர் அதே நேரம் சும்மா ஓய்வெடுத்தார்கள். மசாஜ் எடுத்தவர்கள்தான் கணக்கை வேகமாகவும் தப்புக் குறைவாகவும் போட்டார்கள். வேலை அழுத்தம் குறைந்ததும் அவர்களுக்கு மட்டும்தான். சின்ன ஆய்வுதான், ஆனாலும் தூக்கம் பற்றிய பயத்துக்கு நல்ல பதில்.

எண்ணெய் வேண்டாம், சட்டையைக் கழற்ற வேண்டாம். முகம் பதிக்கிற வளையம் வைத்த, முன்பக்கம் சாய்ந்து உட்காரும் நாற்காலி போதும். முதல் தப்பு நடப்பது அந்த வளையத்தில்தான். தாடை மேலே தூக்கியிருந்தால் பிடரித் தசை சுருங்கிவிடும், எவ்வளவு அழுத்தினாலும் இளகாது. தாடை லேசாக உள்வாங்கி இருக்கணும்.

முதல் 2 நிமிடம் உள்ளங்கையால் இரண்டு தோளையும் அமுக்கிச் சூடேற்றணும். அப்புறம் தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல் மூலை. நாள் பூரா தோளைத் தூக்கி டைப் அடிக்கிறவர்களுக்கு அங்கே புளியங்கொட்டை மாதிரி ஒரு தசை முடிச்சு கட்டைவிரலுக்கடியில் உருளும். அதைத் தேய்க்கக் கூடாது. மூச்சை விடச் சொல்லி, மெதுவாக அழுத்தி, 8–10 விநாடி வைத்திருந்து விடணும். மூன்று முறை போதும். முழங்கையை வைத்துக் குத்தினால் தசை இன்னும் இறுகும், மறுநாள் கழுத்து திரும்பாது. பிறகு மண்டையோட்டின் அடிவிளிம்பு, முழங்கைக்குக் கீழே முன்கை. கடைசியில் லேசாகத் தட்டிவிட்டு, அரை நிமிடம் உட்கார வைத்து எழுப்பணும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

சலூன் பழக்கத்தில் கழுத்தை நெட்டி முறிக்க விடவே விடாதீர்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த கேஸ்கள் உண்டு. முதுகெலும்பு மேலேயும் கழுத்தின் முன்பக்கமும் விரலே படக்கூடாது. காய்ச்சல், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, கைக்கு இறங்கும் மரமரப்பு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்கணும். மரமரப்பு இருந்தால் டாக்டரிடம்தான் அனுப்பணும். பெண்களுக்குப் பெண் தெரபிஸ்ட் வேண்டுமென்றால் காரணம் கேட்காமல் ஏற்பாடு செய்யுங்கள்.

லேப்டாப்பைக் குனிந்தே பார்த்தால் இரண்டே நாளில் அந்தப் புளியங்கொட்டை திரும்பி வரும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும், கீபோர்டு தனியாக இருக்கட்டும்.

இன்னொன்று. ஹவுஸ்கீப்பிங் அக்கா பேரும் மசாஜ் லிஸ்டில் இருக்கணும். நாள் பூரா மாப் பிழிகிற முன்கை மவுஸ் பிடிக்கிற கையைவிட இறுகிக் கிடக்கும்.