அந்தப் பிள்ளையின் முன்னால்

வியாழக்கிழமை, ஆட்டோ ஓட்டி வந்த நம் தம்பியின் அடக்க ஆராதனையில் ஊழியக்காரர் பேசியதைப் பற்றித்தான். வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "தம்பியைக் குறித்த தேவ நோக்கம் நிறைவேறிவிட்டது, அதனால் ஆண்டவர் எடுத்துக்கொண்டார்." 34 வயசு. பெட்டிக்குப் பக்கத்தில் அவன் மகள் கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். மூன்றாம் வகுப்பு. உன் அப்பாவின் வேலை முடிந்துவிட்டது என்று அவளிடம் சொல்ல நமக்கு யார் உரிமை கொடுத்தது?

தேவனுக்கு நோக்கம் உண்டு. முழு மனதாக நம்புகிறேன். ஆனால் அடுத்தவன் சாவுக்குக் காரணம் எழுதிக் கொடுக்கும் வேலையை அவர் நமக்குத் தரவில்லை.

"வசனத்தைத்தானே சொன்னார்" என்பீர்கள். எரேமியா 29:11, உங்களைக் குறித்த என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும், நம் வீட்டுக் காலண்டர்களில் இருக்கிற வசனம். அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. 70 வருஷம் ஆகும் என்கிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. கேட்டவர்களில் எத்தனையோ பேர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள்.

"தீமையை தேவன் நன்மையாக்கினார் என்று யோசேப்பு சொல்லவில்லையா?" நியாயமான கேள்வி. சொன்னான். அண்ணன்மார் தள்ளிவிட்ட குழியில் கிடந்தவன், பல வருஷம் கழித்து, தன் வாயால் சொன்னான். குழிக்கு மேலே நின்றவர்கள் சொல்லவில்லை.

என் அப்பா இறந்தபோது எனக்கு 11 வயசு. அன்றும் ஒருவர் அம்மாவிடம், "ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருக்கு" என்றார். அம்மா தலையாட்டினாள். மூன்றாம் வாரம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனாள். விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டையைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடப்பாள். மழை பிடித்தால் வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. அந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பாட்டி அவித்த மரச்சீனியும் மீன்கறியும் திண்ணையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவார். இப்போது அம்மாவே "ஆண்டவர் நடத்தினார்" என்கிறாள். அவள் சொல்லலாம். வேறு யாராவது சொன்னால் எனக்கு இன்றும் நெஞ்சு எரிகிறது.

"ஊழியக்காரரைக் குறை சொல்லாதே" என்பவர்களுக்கு யோபுவின் நண்பர்கள்தான் பதில். பிள்ளைகளை இழந்து கிடந்த அவனோடு 7 நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் வாய் திறந்து, அவன் துன்பத்துக்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது அவர்கள் மேல்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சபையில் தேவன் செய்ததைச் சொல்லும் சாட்சி நேரத்தில் எழும்புகிறவர்கள் விசா கிடைத்தவர்களும் மெடிக்கல் சீட் கிடைத்தவர்களும்தான். வளைகுடா போனால் தேவ நோக்கம், ஊரில் ஆட்டோ ஓட்டினால் இல்லையா? 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேயர் சோமர்வெல் டாக்டர் அதன் பிறகு நம் குமரியில் இருக்கிற நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். நீண்ட வரிசையில் நோயாளிகள், தவித்துக்கொண்டிருந்த ஒரே ஒரு சர்ஜன். லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கே வந்து வேலை செய்தார். எதிரே நின்ற அந்த வரிசைதான் அவரை இழுத்தது.

வியாழக்கிழமை நம் எதிரே ஒரு பிள்ளை நின்றாள். ஆட்டோவுக்கு இன்னும் தவணை பாக்கி இருக்கிறதாம். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். பீஸ் கட்டச் சேருகிறவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். வசனம் அனுப்ப வேண்டாம்.