ஸ்பிளாஷ் மட்டும் பாக்குறவங்களுக்கு

ஒலிம்பிக்ஸ் வந்துட்டா டைவிங்னு எல்லாரும் 10 மீட்டர் பிளாட்ஃபார்ம் வீடியோவத்தான் ஷேர் பண்றாங்க. அவ்ளோ உயரத்துலேர்ந்து தலைகீழா விழுறத பாத்தா எனக்கும் அடிவயித்துல என்னமோ பண்ணும், இல்லங்கல. ஆனா 3 மீட்டர் ஸ்பிரிங்போர்ட பாத்துட்டு "இவ்ளோதானா, இது ஈஸி"ன்னு கமெண்ட் போடுறாங்க பாருங்க, அங்கதான் பத்திக்கிட்டு வருது.

பிளாட்ஃபார்ம் அசையாதுங்க. ஸ்பிரிங்போர்ட் ஆடும், ஆடுறதுதான் அதோட வேலையே. அரை மீட்டர் அகலத்துல ஒரு அலுமினியப் பலகை, எவ்ளோ ஆடணும்னு பக்கத்துல இருக்க சக்கரத்த கால்ல உருட்டி டைவரே செட் பண்ணிக்கணும். நடந்து வந்து ஒரு துள்ளு துள்ளி நுனியில இறங்கினா போர்ட் கீழ போகும், அது திரும்ப மேல வர்ற வரைக்கும் காத்திருக்கணும், அவசரப்பட்டா தூக்கி விடாது, முன்னாடி சாஞ்சா ரொம்ப தூரம் போயிடுவீங்க, பின்னாடி சாஞ்சா போர்டுலயே வந்து விழணும். 1988 சியோல் ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்க டைவர் கிரெக் லூகானிஸுக்கு நடந்தது அதுதான். போர்டு பக்கமாவே சுத்துற ரிவர்ஸ் டைவ், தலை பின்பக்கம் போர்டுல மோதிடுச்சு. தையல் போட்டுட்டு வந்து மிச்ச டைவையும் முடிச்சு, மறுநாள் ஃபைனல்ல தங்கம். அப்போ அவருக்கு 28 வயசு.

அந்த வயசத்தான் நான் கவனிப்பேன். அதே சியோல்ல பிளாட்ஃபார்ம்ல அவர்கிட்ட வெறும் 1.14 பாயிண்ட்ல தோத்த சீனாவோட சியோங் நீக்கு 14 வயசு. அந்தப் பையன் பின்னாடி ஸ்பிரிங்போர்டுக்கு மாறி 1996லயும் 2000லயும் தங்கம் எடுத்தாரு, ரெண்டாவது தடவ 0.30 வித்தியாசத்துல! சீனப் பொண்ணு ஃபூ மிங்சியாவும் அப்படித்தான், 13 வயசுல பார்சிலோனாவுல பிளாட்ஃபார்ம் தங்கம், 1996ல ரெண்டுலயும் தங்கம், அப்புறம் போதும்னு ஒதுங்கி, திரும்பி வந்து 2000ல ஜெயிச்சது ஸ்பிரிங்போர்ட்ல.

10 மீட்டர்லேர்ந்து விழுந்தா தண்ணிய தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் இருக்கும், அந்த அடிய மணிக்கட்டும் தோளும் முதுகும் வருஷக்கணக்கா வாங்குது. ஸ்பிரிங்போர்ட்லயும் முதுகு, முழங்கால் போகும்தான், ஆனா வளந்த காலோட பலம் அங்க லாபம், போர்ட நல்லா அமுக்குனாத்தானே அது மேல வீசும். அதனால என்னைக் கேட்டா ஸ்பிரிங்போர்ட்தான் பெரியவங்க ஆட்டம். (பிளாட்ஃபார்ம் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், ரெடி.)

எனக்கு பிடிச்ச கரியர்னா சீனாவோட ஸ்பிரிங்போர்ட் டைவர் வூ மின்சியா. 2004ல குவோ ஜிங்ஜிங்கோட ஜோடியா சின்க்ரோ (ரெண்டு பேர் ஒண்ணா குதிக்கிற போட்டி) தங்கம், தனி ஆட்டத்துல அதே குவோவுக்கு அடுத்து வெள்ளி. 2008ல மறுபடி ஜோடியா தங்கம், தனியா வெண்கலம், மேல நிக்கிறது மறுபடியும் குவோதான். கூடவே குதிக்கிறவங்க ரெண்டு ஒலிம்பிக்ஸ்லயும் முன்னாடி நிக்கிறாங்க, அதே ஆளோட தெனமும் ஒரே நேரத்துல துள்ளி ஒரே நேரத்துல தண்ணிக்குள்ள போகணும். நானா இருந்தா மூஞ்சியே குடுத்து பேசியிருக்க மாட்டேன். 2012 லண்டன்லதான் தனி தங்கம் வந்துச்சு, கூடவே ஒரு சின்க்ரோ தங்கமும். 2016ல 30 வயசுல இன்னொரு சின்க்ரோ தங்கம், மொத்தம் அஞ்சு.

ஆனா லண்டன்ல ஜெயிச்ச பிறகுதான் தாத்தா பாட்டி தவறினதையும் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்ததையும் வீட்ல சொன்னாங்க. கவனம் சிதறிடக்கூடாதுன்னு வருஷக்கணக்கா மறைச்சிருக்காங்க. இத "தியாகம்"னு சில பேர் பெருமையா எழுதுறாங்க. எனக்கு படிக்கும்போது வயிறு எரிஞ்சது. அந்தப் பொண்ணுகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?

இன்னொன்னு, பொண்ணுங்களுக்கு அஞ்சு டைவ், ஆம்பளைங்களுக்கு ஆறு. எல்லாமே கணக்குல வரும், மோசமானத கழிச்சு விடுற பேச்சே இல்ல. தனி ஆட்டத்துல ஏழு ஜட்ஜ்ல மேல ரெண்டு கீழ ரெண்டு மார்க்க தள்ளிட்டு மிச்ச மூணக் கூட்டி, டைவ் எவ்ளோ கஷ்டமோ அந்த எண்ணால பெருக்குவாங்க. ஒண்ணு சொதப்பினா நாலு வருஷம் போச்சு, அதுவும் காத்துல இருக்கறது ஒன்றரை செகண்ட் சுமாருக்குத்தான்.

அடுத்த தடவ பாக்கும்போது தண்ணிய விட்டுட்டு போர்ட் நுனியில அந்தக் கால் எப்படி காத்திருக்குன்னு பாருங்க. ஸ்பிளாஷ எப்படியும் ரீப்ளேல மூணு ஆங்கிள்ல காட்டத்தான் போறாங்க.