மாடிக் கதவைத் திறந்து விடுங்கள்

மதுரையில் இருந்துகொண்டு வெயில் போதவில்லை என்றால் யார் நம்புவார்கள்? போன மார்கழியில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கைக்கு வரும்வரை நானும் நம்பியிருக்க மாட்டேன். வைட்டமின் டி 11. இருபதுக்குக் கீழே போனாலே குறைபாடு என்றார் டாக்டர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறியதற்கும், சேலையை விரித்துக் காட்டும்போது தோள் கடுத்ததற்கும் வயசுதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் பதினாறு வருசமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறேன். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வருவேன். நாளெல்லாம் ஏசியும் டியூப்லைட்டும்தான். சாப்பிடுவதுகூட குடோனை ஒட்டிய ஜன்னல் இல்லாத அறையில்தான்.

"காலையில வாசல்ல நிக்கும்போது இளவெயில் படுதே சார்" என்றேன். அது இதற்கு உதவாது என்றார். சூரியன் தாழ இருக்கும்போது, தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிர் காற்று மண்டலத்தைத் தாண்டி வருவதே அரிது. ஜன்னல் கண்ணாடியும் அதைத் தடுத்துவிடும். "உங்க நிழல் உங்களை விடக் குட்டையா இருக்கிற நேரமாப் பாத்து நில்லுங்கம்மா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, மிதுக்கு வத்தல் காயப் போட்டிருந்த மொட்டை மாடியில் போய் நின்றேன். காலை எட்டு மணிக்கு என் நிழல் கைப்பிடிச் சுவரில் ஏறி மடங்கிக் கிடந்தது. பன்னிரண்டேகாலுக்கு மகள் டேப் வைத்து அளந்தாள். மூணேகால் அடி. நான் ஐந்தடி. டிசம்பர் கடைசியில்கூட இங்கே பத்தேகாலில் இருந்து இரண்டேகால் வரை நிழல் நம் உயரத்தைத் தாண்டுவதில்லை. இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டிசம்பரில் உச்சிப் பொழுதிலும் அங்கே சூரியன் தாழவே நிற்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை தினமும் 400 யூனிட் மாத்திரை எடுத்துக்கொள்வது நல்லதென்று அரசாங்கமே சொல்கிறது. மத்தி மீனிலும் முட்டை மஞ்சள் கருவிலும் இந்தச் சத்து உண்டுதான், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது.

எனக்கு 60,000 யூனிட் பவுடர், வாரம் ஒரு பாக்கெட், எட்டு வாரம் பாலில் கலந்து குடித்தேன். வலி மெல்ல மெல்லக் குறைந்தது. அதைப் பார்த்து கூட வேலை பார்க்கும் பிள்ளை ஒருத்தி தானாகவே மெடிக்கலில் வாங்கப் போனாள். வேண்டாம் தாயி என்று தடுத்தேன். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும். பரிசோதித்துவிட்டு, டாக்டர் சொன்னால் சாப்பிடட்டும்.

பவுடர் முடிந்த பிறகும் வெயில் வேண்டுமே? கறுத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரமே பிடிக்கும். 2021-இல் கடைகளில் நாங்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதற்கு முன் காலெல்லாம் வீங்கி நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இப்போது நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். மதியச் சாப்பாட்டை மாடியில் வைத்துச் சாப்பிட விடுங்கள். சாப்பிட்டு, முழங்கை வரை வெயில் பட இருபது நிமிசம் நிற்கிறோம். சேலை விற்பனை ஒன்றும் குறைந்துவிடாது.

எங்கள் கடையின் மாடிக் கதவு எப்போதும் பூட்டியே கிடக்கிறது. சாவி மேனேஜர் மேசை டிராயரில் இருக்கிறது. திங்கட்கிழமை நாங்கள் ஆறு பேர் சேர்ந்து போய்க் கேட்கப் போகிறோம்.