அஃபிலியேட் இணைப்பு ஆயுள் வருமானம் அல்ல

"விளம்பரமே வேண்டாம், அஃபிலியேட் இணைப்பை ஒரு முறை போட்டுவிட்டால் ஆயுளுக்கும் பணம் வரும்" என்று இணையத்தில் எழுதிச் சம்பாதிப்பது பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அஃபிலியேட் இணைப்பு என்பது ஒரு கடையின் பொருளுக்கு நம் கட்டுரையில் போடும் இணைப்பு; அதன் வழியாக வாசகர் வாங்கினால் கடை நமக்குக் கமிஷன் தரும். தயவுசெய்து அவர் சொன்னதை நம்பி யாரும் கையில் இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள்.

அமேசானையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசகர் உங்கள் இணைப்பைச் சொடுக்கிய 24 மணி நேரத்துக்குள் பொருளை வாங்க வேண்டும், அல்லது கூடையிலாவது போட வேண்டும். இரண்டு நாள் யோசித்துவிட்டு நேராகப் போய் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் கிடையாது. விகிதமும் அவர்கள் கையில்தான். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் மரச்சாமான்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தார்கள். அதே அளவு விற்றுக் கொடுத்தவருக்கும் வருமானம் பாதிக்கும் கீழே இறங்கியது.

பராமரிப்பும் ஓயாத வேலை. என் பழைய கட்டுரை ஒன்றை அண்மையில் திறந்து பார்த்தேன். நான் பரிந்துரைத்திருந்த 14 பொருள்களில் 5 விற்பனையிலேயே இல்லை. வாசகர் அங்கே போய் வெறும் பக்கத்தைப் பார்த்துத் திரும்பியிருப்பார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

அஃபிலியேட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. கமிஷன் வாங்குவதை வாசகரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போடுங்கள். பல நாடுகளில் அது சட்டப்படியும் கட்டாயம். ஆனால் கூடவே உங்களுடையது என்று ஒன்று இருக்கட்டும்: மின்னூல், பயிற்சி வகுப்பு, கட்டணச் செய்திமடல். சப்ஸ்டாக் போன்ற தளம் சந்தாவில் 10 சதவீதமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் எடுத்துக்கொள்கிறது. மீதி உங்களுக்கு, விலையையும் நீங்களே வைக்கலாம்.