ரசம் ஓடும் தரை

போன மாதம் குன்னூர் பக்கம் ஒரு கல்யாணம். மண்டபத்தின் பெயர் வேண்டாம். பந்தியில் உட்கார்ந்தால், ஊற்றிய ரசம் இலையில் நிற்காமல் முன்பக்கம் ஓடுகிறது. சோற்றால் அணை கட்டிப் பார்த்தேன், பிரயோஜனம் இல்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்தார். "தம்பி, நீங்க உட்கார்ந்திருக்கிறது பெஞ்சு டிக்கெட்டு."

எனக்குத் தெரியாதா என்ன? இந்த மண்டபம் முன்பு சினிமாக் கொட்டகை. இதே சரிவில் உட்கார்ந்துதான் சின்ன வயதில் படம் பார்த்தேன். ஆடி மழை தகரக் கூரையில் கொட்டும்போது வசனம் ஒன்றும் காதில் விழாது. அம்மா கொண்டுவந்த கம்பளிக்குள் மூன்று பேர். இடைவேளையில் கண்ணாடி டம்ளரில் டீ, தொட்டுக்கொள்ள வர்க்கி. பின்சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம் வந்த சதுர ஓட்டைகளைப் பூசிவிட்டார்கள். ஆனாலும் பெயிண்டுக்கு அடியில் அச்சு தெரிகிறது. அதன் மேல்தான் சீரியல் லைட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"தியேட்டரை மண்டபமாக்கிக் கெடுத்துவிட்டார்கள்" என்று பழைய போட்டோ போட்டுப் புலம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஊட்டி அசெம்பிளி ரூம்ஸ் தியேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சினிமாவுக்காகக் கட்டியது இல்லை. வெள்ளைக்காரர்கள் ஆடவும் நாடகம் போடவும் கூடிய இடம். வில்லிங்டன் பிரபு சென்னை மாகாண கவர்னராக இருந்தபோது (1919–1924) அவர் மனைவி அதை வாங்கி டிரஸ்ட் கையில் ஒப்படைத்தார். இங்கிலீஷ் படம் என்றால் அங்கேதான் என்று எங்கள் தலைமுறைக்குப் பழகியதெல்லாம் அப்புறம் வந்தது. அப்போது நம்மை உள்ளே விட்டிருப்பார்களா என்பது வேறு கதை. நடனம் போய் நாடகம், நாடகம் போய் சினிமா. எது மாறினாலும் நாலு பேர் கூடுவது மட்டும் மாறவில்லை.

கூட்டம் குறைந்ததற்கு டிவியையும் போனையும் மட்டும் சொல்ல முடியாது. செகண்ட் ஷோ முடிந்தால் எஸ்டேட்டுக்கு பஸ் கிடையாது. நடந்து போனால் வளைவில் காட்டெருமை நிற்கும். யார் வருவார்கள்? பிலிம் பெட்டி வருவதும் நின்று டிஜிட்டல் வந்தபோது, புது மெஷின் போடக் கட்டுப்படியாகாமல் பல ஊர்களில் கொட்டகையை மூடினார்கள். ஊட்டியிலேயே 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது. 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்து நாடு முழுக்க அனுப்பினார்கள். அதுவும் மூடியாகிவிட்டது. இந்து நகர் என்ற பெயர்தான் மிச்சம்.

எனக்குக் கோபம் வருவது கொட்டகை குடோன் ஆகும்போதுதான். பால்கனி வரை உரமூட்டை அடுக்கிய ஒன்றைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றில் நடுவே பலகை அடித்து எட்டு கடையாகப் பிரித்துவிட்டார்கள். நீலகிரியில் இன்றைக்குப் புதிதாகக் கட்டடம் கட்டினால் ஏழு மீட்டருக்கு மேல் உயர்த்த முடியாது. அவ்வளவு உயரமான கூடத்தை ஒருமுறை இடித்துவிட்டால், அப்புறம் எழுப்ப அனுமதி கிடைக்காது. உரிமையாளர்கள் நஷ்டத்தில் படம் ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மண்டபமாகட்டும், தாராளமாக. ஆனால் கூடத்தைக் கூடமாக விடுங்கள். ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாமல் காலியாகத்தானே கிடக்கிறது? அந்த நாட்களில் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கோ ஊர்ப்பிள்ளைகளின் நாடகத்துக்கோ குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். மேடை இருக்கிறது. கடைசி வரிசைக்கும் மறைக்காத சரிவு இருக்கிறது.

கை கழுவும்போது மேனேஜரிடம் இதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பெருமையாகவே சொன்னார்: "அந்தச் சரிவுதான் சார் எங்களுக்குப் பெரிய கம்ப்ளைண்டு. மண்ணைக் கொட்டிச் சமன் பண்ணி டைல்ஸ் போட காண்ட்ராக்ட் விட்டாச்சு. அடுத்த தடவை வாங்க, ரசம் ஓடாது."