பெல் அடிக்காத இரண்டு வருஷம்

எங்கள் வேலூர்ப் பக்கம், குடியாத்தத்திலிருந்து வாலாஜா வரைக்கும் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் காதில் விழும் புகார் ஒன்றுதான். "பத்து மணிக்கு முன்னாடி எழுந்திருக்கறதே இல்ல. எந்நேரமும் போனைக் கையில வெச்சிகினு கீறான். ஏதாவது கேட்டா எரிஞ்சு வுழுறான்." சொல்பவர் அம்மாவாக இருந்தால் கடைசியில் குரல் தழுதழுக்கும். அப்பாவாக இருந்தால் "சோம்பேறி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

இந்தப் பிள்ளைகளின் வயதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் 2024-ல் பிளஸ் டூ முடித்தார்கள். இவர்களுடைய ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது 2021 பிப்ரவரி 8. மார்ச் 22-ல் மறுபடி மூடல். எல்லோரும் பாஸ். பத்தாம் வகுப்புக்கு செப்டம்பர் 1-ல் போனார்கள். நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதில் மழை விடுமுறை. 2022 ஜனவரியில் இன்னொரு மூடல், பிப்ரவரி 1-ல் திறப்பு. அந்த மே மாதமே பொதுத்தேர்வு. பதின்மூன்றிலிருந்து பதினாறு வயது வரைக்குமான காலம் இப்படித் துண்டு துண்டாகப் போயிருக்கிறது.

விட்டுப்போன பாடத்துக்கு கல்வித் தொலைக்காட்சி வந்தது, இல்லம் தேடிக் கல்வி வந்தது. விட்டுப்போன பள்ளி பெல்லுக்கு, அது நாளுக்குக் கொடுத்த ஒழுங்குக்கு, யாரும் எதுவும் கொண்டு வரவில்லை. இன்று நாம் சோம்பல் என்றும் திமிர் என்றும் போன் பைத்தியம் என்றும் திட்டுவதில் பெரும்பகுதி, அந்த பெல் நின்றுபோனதால் வந்த கோளாறு என்பது என் உறுதியான கருத்து. அதைச் சரிசெய்ய ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தூக்கம், பிறகு மனிதர்கள், கடைசியில்தான் போன். நம் வீடுகளில் தலைகீழாக ஆரம்பிக்கிறோம். முதல் நாளே போனைப் பிடுங்குகிறோம்.

பருவ வயதில் தூக்கம் வரும் நேரம் இயல்பாகவே ஒன்று, இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும். உடம்பின் உள்கடிகாரம் அப்படி மாறுகிற வயசு அது. அதைத் தினமும் இழுத்துப் பிடித்து நேராக்கியது காலை எட்டரை மணிக்குள் யூனிஃபார்மோடு தெருவில் நிற்க வேண்டிய கட்டாயமும், முகத்தில் விழுந்த காலை வெயிலும்தான். இரண்டும் ஒரே நாளில் நின்றன. படுக்கை பன்னிரண்டு மணியானது, இரண்டானது, விடிகாலை நாலானது. ராத்திரி விழித்துப் பகலில் தூங்குகிற உடம்பில் மனசு மட்டும் தெளிவாக இருக்காது. எரிச்சல், மறதி, எதிலும் பிடிப்பின்மை எல்லாம் கூடவே வரும்.

இன்னொரு இழப்பைப் பெரியவர்கள் கவனிக்கவே இல்லை. 2021-ல் பொதுத்தேர்வு இல்லாமலே பத்தாம் வகுப்பு தேறியவர்களின் சான்றிதழில் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி என்று மட்டும்தான் இருக்கும். அதே வருஷம் பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ உள்மதிப்பீடு, செய்முறையிலிருந்து 30 என்று கூட்டிப் போட்டார்கள். வேறு வழி இல்லைதான். ஆனால் பரீட்சைக்காக ராத்திரி பகலாகப் படித்த பிள்ளைக்கு, தான் ஜெயித்ததா தோற்றதா என்று தெரியாமலே அந்தக் கதவு மூடிவிட்டது. அதற்கு மேல் "ஆல் பாஸ் பேட்ச்சா?" என்று கல்யாண வீட்டிலும் வேலைக்குப் போகும் இடத்திலும் கேட்டுச் சிரிக்கிறோம். அந்தக் கேள்வியை இன்றோடு நிறுத்துங்கள். அவர்கள் கேட்டு வாங்கிய பாஸ் இல்லை அது.

பையன்களுக்காவது தெரு முனையும் பாலாற்று மணலில் கிரிக்கெட்டும் கொஞ்ச நாளில் திரும்பின. பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. பள்ளிதான் அவர்கள் வீட்டுக்கு வெளியே பேசிச் சிரித்த ஒரே இடம். அது மூடியதும் சமையல், தம்பி தங்கை, பீடி சுற்றும் தட்டு என்று நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே ஓடியது. "சும்மாதானே இருக்குது" என்று பதினாறு, பதினேழு வயசிலேயே கல்யாணப் பேச்சு எடுத்த வீடுகளும் உண்டு. 18 வயது ஆகாத பெண்ணுக்கு இன்றும் அப்படி ஒரு பேச்சு நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். யார் சொன்னது என்று வெளியே வராது.

இனி தூக்கம். பையன் விடியற்காலை மூன்று மணிக்குப் படுத்துப் பதினொரு மணிக்கு எழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். நாளையே ஆறு மணிக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினால் என்ன நடக்கும்? மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்குவான், ராத்திரி மறுபடி விழிப்பான். நாலாம் நாள் வீட்டில் சண்டை, ஐந்தாம் நாள் பழைய கதை. படுக்கிற நேரத்தை நாம் கட்டாயப்படுத்த முடியாது, எழுகிற நேரத்தை முடியும். அதனால் எழுகிற நேரத்தை மட்டும் பிடியுங்கள். முதல் மூன்று நாள் பத்தரை. அடுத்த மூன்று நாள் பத்து. இப்படி மூன்று நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னால் கொண்டு வந்தால், பதினொன்றிலிருந்து ஆறரைக்கு வர ஒன்பது படி, 27 நாள். அவசரப்பட்டு இரண்டு படி தாண்டினால் பாதியில் உடையும்.

எழுந்த அரை மணி நேரத்துக்குள் வெளிச்சத்தில் இருபது நிமிஷமாவது நிற்க வேண்டும். பால் வாங்கப் போகட்டும், மொட்டை மாடிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும். ஜன்னல் ஓரம் போதாது, வானம் தெரிய வேண்டும். ஆரம்ப வாரங்களில் பத்து மணி வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். வேலூர் வெயிலுக்கு மர நிழல் தாராளமாகப் போதும். மத்தியானத் தூக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் மூன்று மணிக்கு முன்னால். சாயங்காலம் நாலு மணிக்குப் பிறகு டீ, காபி நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம், அதற்கு மேல் விட்டால் ஒரு வாரத்து உழைப்பு வீண். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் படுத்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் அவனே எழுதட்டும். நீங்கள் எழுதினால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும்.

வேலூரில் இதற்கு ஒரு தனித் தடை உண்டு. அக்னி நட்சத்திரத்தில் கான்கிரீட் கூரைக்குக் கீழே உள்ள அறை நள்ளிரவு வரைக்கும் கொதிக்கும். அந்த அறையில் பத்து மணிக்குத் தூங்கு என்று சொல்வது நியாயமே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கே மாடித் தளத்தில் தண்ணீர் தெளித்து, அங்கே பாய் போடுங்கள். கோடை விடுமுறையில் இந்தத் திருத்தத்தை ஆரம்பிப்பதைவிட ஆடிக்குப் பிறகு ஆரம்பித்தால் பாதி வேலை சுலபம்.

மனிதர்களுக்கு வருவோம். ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லப்பட்ட கட்டளை என்ன? கேமராவை அணை, மைக்கை மியூட் பண்ணு. கூட்டத்தில் எப்படிப் பேசுவது, யார் முகம் சுளித்தால் எப்படிச் சமாளிப்பது என்று பழகுகிற வயசு அது. அந்த வயசில் மௌனமாக இருக்கப் பழக்கிவிட்டு, இன்று கல்லூரி வைவாவில் நிமிர்ந்து பேசவில்லை என்று கோபப்படுகிறோம்.

சிலருக்கு இது பயமாகவே முற்றிவிட்டது. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வயிற்று வலி வரும். ஸ்கேன் எடுத்தால் ஒன்றுமில்லை. "நடிக்கிறான்" என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். அது நடிப்பில்லை. பயத்தில் குடல் உண்மையாகவே இறுகும், வலியும் உண்மையாகவே வலிக்கும். பள்ளி நாளில் மட்டும் வந்து, லீவு போட்டதும் பத்து மணிக்குள் மறைந்தால் பயமாக இருக்க வாய்ப்பு அதிகம். தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, எடை குறைவது, காய்ச்சல், மலத்தில் ரத்தம் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

பயத்துக்கு வழி படிக்கட்டுதான். முதல் படி, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிவிடும் நேரத்துக்கு கேட் வரைக்கும் போய் நண்பனைப் பார்த்துவிட்டு வருவது. அடுத்து, பள்ளி நூலகத்தில் ஒரு மணி நேரம். அடுத்து, பிடித்த ஆசிரியரின் இரண்டு பாடவேளை. பிறகு மதியச் சாப்பாடு வரைக்கும். கடைசியில் முழு நாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு, மூன்று நாள். பயம் எவ்வளவு என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். எட்டில் ஆரம்பித்தது நாலுக்கு இறங்கும் வரைக்கும் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பெரும்பாலும் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் இறங்கும். எட்டில் இருக்கும்போதே பாவம் பார்த்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டால், "தப்பி ஓடியதால்தான் பிழைத்தேன்" என்று உடம்பு கற்றுக்கொள்ளும், அடுத்த முறை ஒன்பதில் ஆரம்பிக்கும்.

இந்தப் படிக்கட்டு உடைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். மூன்று வாரம் கழித்து உள்ளே வருகிற பிள்ளையிடம், வகுப்பே பார்க்க, "வாங்க சார், இத்தனை நாள் எங்க போயிருந்தீங்க?" என்று ஒரு கேள்வி. ஒரு மாத வேலை ஒரு நிமிஷத்தில் போய்விடும். முந்தின நாளே வகுப்பாசிரியரைப் பார்த்து இரண்டே உதவி கேளுங்கள். உள்ளே வந்ததும் எதுவும் கேட்க வேண்டாம், கதவுப் பக்கம் நண்பனோடு இடம் கொடுங்கள். நம் ஆசிரியர்களில் அதிகம் பேர் சந்தோஷமாகச் செய்வார்கள். அவர்களிடம் யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

போன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு போன் இருந்த ஊரில், கடன் வாங்கி இரண்டாவது போன் வாங்கி, "இதுதான் இனி உன் ஸ்கூல்" என்று கையில் கொடுத்தவர்கள் நாம்தான். அணைக்கட்டுப் பக்கத்து மலை ஊர்களில் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நிற்க வைத்ததும் அந்த வகுப்புதான். ஆகவே போனைத் திருடனாக்காதீர்கள். நண்பனோடு பேசுவது, சேர்ந்து விளையாடுவது, ராத்திரி தனியாகப் படுத்துத் திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பது என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றாவதை மட்டும் முதலில் குறையுங்கள். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பு எல்லோருடைய போனும், அப்பா போனும் சேர்த்து, சமையலறையில் சார்ஜுக்குப் போகட்டும். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்குங்கள், இல்லாவிட்டால் "அலாரம் வேணும்" என்று போன் இரண்டாம் நாளே தலையணைக்குத் திரும்பிவிடும்.

இதையெல்லாம் செய்தும் அசையாத பிள்ளைகள் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், எதிலும் நாட்டமில்லை, குளிக்கவில்லை, பிடித்த மேட்ச்சைக்கூடப் பார்க்கவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இந்த வயசில் அது அழுகையாக வருவதைவிட எரிச்சலாக வருவது அதிகம். 2021-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையில், இந்தியாவில் 15 முதல் 24 வயதுள்ளவர்களில் ஏழில் ஒருவர் அடிக்கடி மனச்சோர்வாக உணர்வதாகவோ எதிலும் ஆர்வமில்லை என்றோ சொல்லியிருந்தார்கள். மனக்கஷ்டத்துக்குப் பிறரிடம் உதவி கேட்பது நல்லது என்று சொன்னவர்கள் 41 சதவீதம்தான். கேட்கப்பட்ட 21 நாடுகளின் சராசரி 83. என்னை அதிகம் உறுத்துவது இந்த இரண்டாவது எண்தான்.

சந்தேகம் இருந்தால் நேராகக் கேளுங்கள். "சாகணும்னு எப்பவாவது தோணுதா கண்ணு?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்டால் பாரம்தான் இறங்கும். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரை, பூச்சி மருந்து எல்லாவற்றையும் அன்றே வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய் வையுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் கிடைக்கும், இலவசம், தமிழில் பேசலாம். மருத்துவ உதவி எண் 104-ம் உண்டு. நேரில் போக அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. "பாகாயம் போனா பைத்தியம்னு சொல்லுவாங்க" என்ற அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து எத்தனை மாதங்களை வீணாக்குகிறோம்!

மனச்சோர்வுக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டலோ படபடப்போ வரலாம். அமைதியின்மை அதிகமானால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், ஆரம்ப வாரங்களில் இளம் வயதினரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நன்றாகிவிட்டான் என்று நீங்களாக நிறுத்துவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. 2021 மே மாதத்தில் கொரோனாவில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைகள். இருவரையும் இழந்தவர்களுக்கு அரசு 5 லட்சம், ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் என்று அறிவித்தது. பணத்துக்கு வழி இருந்தது. அழுவதற்கு இருக்கவில்லை. மூட்டை போல் சுற்றிய உடம்பு, தூரத்தில் நின்ற நாலு பேர், முகம் பார்க்க முடியாத பிள்ளை. பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட உறவு வரவில்லை. அந்தத் துக்கம் உறைந்தபடி இன்னும் உள்ளே இருக்கிறது. தாமதமானாலும் செய்யலாம். நினைவு நாளில் படையல் போடுங்கள், அன்று வர முடியாமல் போன அத்தை, மாமா எல்லோரையும் கூப்பிடுங்கள். கப்ருஸ்தானோ கல்லறையோ, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். சுவரில் மாட்டும் படத்தை அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடைசி வாய்ஸ் மெசேஜை எத்தனையோ பிள்ளைகள் இன்னும் வைத்திருப்பார்கள். ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கலாம். போனை வாங்குவதற்கு முன்னால் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் இன்னும் இரண்டு இடத்தில் பத்திரமாக ஏற்றிக் கொடுங்கள்.